பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு தளம்

மார்ச் 10

அப்பாவுக்கு,

போனில் கூப்பிட்டால் "ம்" என்று ஒரு சத்தம் வருகிறது, அப்புறம் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா படித்துக் காட்டுவார். அக்கா, ஒரு வரி விடாமல் படியுங்கள். அப்பாவுக்குக் கோபம் வரும் இடத்திலும் நிறுத்தாதீர்கள்.

எனக்குக் கடன் இருக்கிறது. மூன்று கிரெடிட் கார்டு. ஒன்றில் நாலாயிரத்து நூற்றிருபது, ஒன்றில் இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது, மூன்றாவதில் ஏழாயிரத்து முந்நூற்றைந்து. இவை போக, நானும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் பதின்மூன்றாயிரத்து எழுநூற்று நாற்பது. நாலு இடத்துக்கும் நாலு தேதியில் கட்டுகிறேன். ஒன்றில் கட்டுவதற்கு இன்னொன்றிலிருந்து எடுக்கிறேன். நான் பல் செட் செய்யும் இடத்தில் மெழுகில் ஒரு பல்லைச் சரியாக்கினால் பக்கத்துப் பல் இடிக்கும். அந்தக் கதைதான்.

எங்கள் கடன் சங்கத்தில் நாலையும் அடைத்து ஒரே கடனாக்கித் தருகிறார்கள். வட்டி பாதிக்கும் குறைவு. மாதம் ஒரு தேதி, ஒரு தொகை, ஐந்து வருஷத்தில் முடியும். ஒரே நிபந்தனை, அந்த ஓவர்டிராஃப்ட் கணக்கை மூடியாக வேண்டும். அதில் இன்னும் அம்மா பெயர் இருக்கிறது. மூடுவதற்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ். அது உங்களிடம் இருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் மூடாவிட்டால் கடன் கிடையாது. இன்னொரு தடவை கேட்கவும் முடியாது.

பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

பத்தொன்பதாம் தேதி வந்தால் ஐந்து வருஷம். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மகள்


மார்ச் 17

மகளுக்கு,

நான் சொல்கிறேன், தையல்காரம்மா எழுதுகிறார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன தடவை வீட்டுக்காரனுக்கு எழுதியபோது "கூரை ஒழுகுதே, உனக்குக் கண்ணு இல்லையா" என்று நான் சொன்னதை இவர் "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று மாற்றிவிட்டார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

கூட்டிப் பார்த்தேன். இருபத்தேழாயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. ஒரே தடவைதான் படிக்கக் கேட்டேன். எனக்கு எழுத்து தெரியாதே தவிர எண் தெரியும். நாற்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன். பதினான்கு மாடியில் யார் எந்த மாடியில் எத்தனை மணிக்கு இறங்குவார், குடையோடு வருவாரா குடையில்லாமல் வருவாரா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். உங்கம்மா டெலிபோன் ஆபரேட்டர், ஆறாவது மாடி, எட்டு நாற்பது.

ஒன்று கேட்கிறேன். நாலு மூட்டையை அவிழ்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் பாரம் குறைந்துவிடுமா? லிஃப்ட் கயிற்றைக் கேட்டுப் பார், அது சொல்லும்.

சான்றிதழ் அனுப்ப மாட்டேன்.

அவளை ஆஸ்பத்திரியில் செத்தவள் என்று எழுதிக்கொண்டார்கள். ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். ஓட்டுப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த வங்கி ஒன்றுதான் இன்னும் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. மாதம் பத்தாம் தேதி அவள் பெயருக்கு ஓர் உறை வருகிறது. அவள் பெயரை எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் உருவம் தெரியும். ஆறாவது மாடிப் பெயர்ப் பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகியது. கதவடியில் அந்த உறை உரசிக்கொண்டு உள்ளே வரும். அவள் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாளே, அதே சத்தம். முதல் மாதம் நான் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனேன், யார் வந்தது என்று பார்க்க.

உறைகளைப் பிரிப்பதில்லை. ஒருத்திக்கு வந்ததை இன்னொருத்தன் பிரிக்கலாமா? அவள் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். தலையணை இப்போது ஒரு முழ உயரம் நிற்கிறது.

உன் கார்டுக்காக அவளை இன்னொரு தடவை சாகச் சொல்கிறாய். ஒருத்தி எத்தனை தடவைதான் சாவாள்?

அவள் போனது பத்தொன்பதாம் தேதி. நீ வந்தது இருபத்தொன்று. கடைசி ராத்திரி நாலு தடவை கேட்டாள், "வந்துட்டாளா?" என்று. நாலு தடவையும் நான், "கீழ வந்துட்டா, லிஃப்ட்ல ஏறிட்டா" என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டே கிடையாது.

அப்பா

(அக்கா எழுதுவது: எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசிப் பத்தியை வேண்டாம் என்றேன், "எழுதுங்கம்மா" என்று மேஜையைத் தட்டினார். மன்னித்துக்கொள்.)


மார்ச் 24

அப்பாவுக்கு,

பாரம் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மூட்டைக்கு நான் மாதம் நாலு தடவை ஏறி இறங்குகிறேன். ஒவ்வொரு தடவையும் கதவுக்காரன் வட்டி வாங்குகிறான். ஒரு மூட்டையென்றால் ஒரே தடவை. அவ்வளவுதான் கணக்கு.

என்ன வாங்கிக் கிழித்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் நினைப்பீர்கள், அதனால் சொல்கிறேன். முதல் கார்டு, இந்த ஊருக்கு வந்த வருஷம் அறைக்குக் கட்டிய முன்பணம், கட்டில், அடுப்பு. இரண்டாவது, என்னோடு இருந்து ஓடிப்போனாரே அந்த மனுஷர் வாங்கிய பைக். ஆளும் இல்லை, பைக்கும் இல்லை, தவணை மட்டும் விசுவாசமாக என்னோடு இருக்கிறது.

மூன்றாவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், பதினாறாம் தேதி, அம்மாவுக்கு முடியவில்லை என்று நீங்கள் கூப்பிட்டீர்கள். ஒரு மணி நேரத்தில் டிக்கெட் கவுண்டரில் நின்றேன். முதல் கார்டைக் கொடுத்தேன், இழுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தலையை ஆட்டினாள். இரண்டாவதையும் கொடுத்தேன். அதற்கும் அதே ஆட்டல். பின்னால் நின்றவர், "சீக்கிரம்மா" என்றார். மூன்றாவது கார்டு கேட்டு விண்ணப்பம் போட்டேன். அது கைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் பல்லுக்கு மெழுகு வார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

ஓவர்டிராஃப்ட் இருந்ததே என்று கேட்பீர்கள். ஓவர்டிராஃப்ட் என்றால், நம் பணம் தீர்ந்த பிறகும் ஓர் அளவு வரை வங்கி எடுக்க விடும். எடுப்பதெல்லாம் கடன். பூஜ்யத்துக்குக் கீழே தளம் இருப்பது மாதிரி. அதிலிருந்து டிக்கெட் வாங்கியிருக்கலாம். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நீங்கள் எடுப்பீர்கள், போதாமல் போய்விடும் என்று பயந்து தொடாமல் விட்டேன். அதில் இருக்கும் கடன் முழுக்க அந்தச் செலவுதான் என்று இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் வட்டி கட்டுகிறேன். இனியும் கேட்க மாட்டேன்.

சான்றிதழ் மட்டும் அனுப்புங்கள்.

மகள்


மார்ச் 31

மகளுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மா பாதி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு என்றார். சரி என்று நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

டிக்கெட் கவுண்டரை நான் ஐந்து வருஷம் வேறு மாதிரி பார்த்து வைத்திருந்தேன். நீ அங்கே போகவே இல்லை என்று பார்த்து வைத்திருந்தேன். ஒரு மனுஷன் மனசுக்குள் கட்டிவைத்த கட்டிடத்தை இடிக்க நாள் பிடிக்கும். கொஞ்சம் பொறு.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் அந்தக் கணக்கிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. அதற்கு என் வேலை முடிந்தபோது கொடுத்த பணம் இருந்தது. மொத்தம் ஆறாயிரத்து நானூற்றுப் பத்து, மூன்று தடவையாகக் கட்டினேன், ரசீது மூன்றும் பச்சை நிறம். உன் பணம் எதற்கு எனக்கு?

பூஜ்யத்துக்குக் கீழே தளம் உண்டு என்று லிஃப்ட்காரனுக்கே சொல்லித்தருகிறாய். எங்கள் கட்டிடத்தில் இரண்டு இருந்தது. ஒன்றில் கார் நிற்கும். அதற்கும் கீழே தண்ணீர் மோட்டார். அங்கே போனவர்கள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார்கள்.

கூரையில் ஒழுகுவது இப்போது இரண்டு இடம்.

சான்றிதழைப் பற்றி அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 9

அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பதின்மூன்றாயிரம் எங்கே போயிற்று? நேற்று வங்கியில் ஐந்து வருஷக் கணக்கையும் அச்செடுத்துத் தரச் சொன்னேன். மாதாமாதம் வீட்டுக்குத்தானே அனுப்புகிறோம் என்றார்கள். ஆமாம், உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாங்கள் இருவரும் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

நிதானமாகக் கேளுங்கள். அக்கா, மெல்லப் படியுங்கள்.

அம்மா இறந்த அடுத்த மாதம், ஏப்ரல் ஏழாம் தேதி, காலை எட்டு இருபதுக்கு, அம்மாவின் கார்டில் இருநூறு எடுக்கப்பட்டிருக்கிறது. மே ஏழாம் தேதி, எட்டு இருபது, இருநூறு. ஜூன் ஏழு. ஜூலை ஏழு. ஒரு மாதம் தவறவில்லை. அறுபத்தொரு தடவை. அம்மா ஆபீஸ் போகிற வழியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே மெஷின். உயிரோடு இருந்தபோது எடுப்பாளே, அதே தேதி, அதே நேரம், அதே இருநூறு.

முந்தாநாளும் எடுத்திருக்கிறாள்.

எடுத்திருக்கிறாள் என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அடிக்க மனம் வரவில்லை.

வேலையில் மெழுகை வார்த்துவிட்டு ஆறும் வரை அந்தத் தாளையே பார்க்கிறேன். யாரோ கார்டைத் திருடியிருக்கிறார்கள் என்று வங்கிக்காரர் சொல்கிறார். போலீஸில் புகார் கொடுத்தால் மெஷினில் இருக்கும் கேமராப் படத்தை எடுத்துத் தருவார்களாம், முகம் தெளிவாகத் தெரியுமாம். புகார் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. யாரோ ஒருவன் முகம் என்றால் பரவாயில்லை.

அம்மாவின் கார்டு எங்கே அப்பா?

மகள்


ஏப்ரல் 16

மகளுக்கு,

கையெழுத்துப் போடாதே. அந்த முகம் என் முகம்.

இதைச் சொன்னதும் தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போன மாசம் ஜிப் வாங்க இருபது கைமாத்து கேட்டேன், கையில காசே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே!" என்றார். சத்தியம் பொய்யில்லை. அது என் காசு இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். கடைசி வருஷம் உங்கம்மாவுக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. ஏழாம் தேதி நான்தான் அவள் கார்டோடு மெஷினுக்குப் போவேன். நம்பர் சொல்லிக்கொடுத்தாள். கடிதத்தில் நம்பர் எழுதக்கூடாது என்கிறார் தையல்காரம்மா. மூடப்போகிற கணக்குக்கு என்னம்மா பூட்டு, எழுதுங்கள். பூஜ்யம், ஆறு, மூன்று, நான்கு. அவளை ஏற்றிக்கொண்ட கீழ்த்தளம் பூஜ்யம். அவள் மாடி ஆறு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு நாள் கரண்ட் போய் லிஃப்ட் நாற்பது நிமிஷம் நின்றது. உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். "பயமா இருக்கா?" என்று கேட்டாள். கேட்டது அவள், என்னை. அதுதான் ஆரம்பம். அவள் அதையே நம்பராக வைத்திருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் போன பிறகு ஏழாம் தேதி வந்தது. கால் தானாகப் போயிற்று. மெஷின் தராது என்று நினைத்தேன். நாலு பொத்தானை அழுத்தினேன், இரண்டு நூறு வெளியே வந்தது. சுடச்சுட வந்தது. உள்ளேயிருந்து அவள் நீட்டியது போல இருந்தது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"என் பணம் கொஞ்சம் அதுல கிடக்கு" என்று அவள் சொல்லியிருந்தாள். அதுதான் வருகிறது என்று நினைத்தேன். மெஷினில் எழுத்து ஓடும், எனக்குத் தெரியாது. எண்ணும் காட்டும், மாதாமாதம் அது கூடிக்கொண்டே போகும், அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு எதற்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் மேலே ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். தடவைக்குத் தடவை அடித்தளத்துக்கு இறங்கியிருக்கிறேன்.

நீ பூஜ்யத்துக்குக் கீழே என்று எழுதினாயே, அன்றைக்குத்தான் அந்தக் கோடு எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் இந்த ஏழாம் தேதி போனேன். உறையை நிறுத்தப்போகிறாள் மகள், இதையாவது இன்னொரு தடவை என்று போனேன். அறுபது தடவை அறியாமை. அறுபத்தொன்றாவது திருட்டு. அதை நான் மறைக்கவில்லை.

ஒரு நோட்டும் செலவழிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கும் அவள் ஆபீஸ் கைப்பையில், அவள் மடிப்பது போலவே நீளவாக்கில் மடித்து வைத்திருக்கிறேன். நூற்றிருபத்திரண்டு நோட்டு.

திங்கட்கிழமை தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். நோட்டு எண்ணும் மெஷின் மடிப்புப் பட்ட நோட்டை ஒத்துக்கொள்ளவில்லை, துப்பித் துப்பித் தள்ளியது. கவுண்டர்காரர் கையால் எண்ணினார். "என்ன பெரியவரே, எல்லா நோட்டும் ஒரே மாதிரி மடிச்சிருக்கு?" என்றார். அப்புறம், "கணக்கு வச்சிருக்கிறவங்க வரலையா?" என்று கேட்டார்.

ஐந்து வருஷமாக நான் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "ஊர்ல இல்லை" என்பேன். தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான், "செத்துட்டா" என்றேன். "எப்போ?" என்றார். "இப்போதான்" என்றேன். அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

ரசீது இதோடு இருக்கிறது. பன்னிரண்டாயிரத்து இருநூறு. சான்றிதழும் இருக்கிறது. மிச்சம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது வட்டி. அவளை அறுபத்தொரு மாதம் கூட வைத்திருந்ததற்கு வாடகை அது. அதை உன் மூட்டையில் சேர்த்தாலும் நான்தான் கட்டுவேன். மாதம் இருநூறு, ஏழாம் தேதி, என் பென்ஷனிலிருந்து. ஒன்பதாவது மாதம் நூற்று நாற்பது.

திட்டுவதானால் போனில் திட்டு. வைக்க மாட்டேன்.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

புகாரைக் கிழித்துவிட்டேன்.

சான்றிதழ் வந்தது. இருபத்திரண்டாம் தேதி கணக்கை மூடினார்கள். கடன் சங்கத்தில் கேட்ட தொகை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது. பதினையாயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து, ஐந்து வருஷம் மூன்றாயிற்று. மூன்று கார்டையும் பல் தேய்க்கும் சக்கரத்தில் வைத்து அறுத்தேன். மூன்றாவது சீக்கிரம் அறுபடவில்லை.

திட்டக் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். எதற்குத் திட்டுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். இப்போது "ம்" சொல்லிவிட்டு வைக்கிறவள் நான்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. கணக்குத் தாள் கையில் வந்ததிலிருந்து உங்கள் கடிதம் வரும் வரை, தினமும் காலையில் எட்டு இருபதுக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் அம்மா பஸ் நிலையத்தைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்தேன். நம்பினேன் என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்தேன். உங்களுக்கு ஐந்து வருஷம் கிடைத்தது, எனக்கு இரண்டு வாரம் கிடைத்தது.

வாடகையை நீங்களே கட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த ஏழாம் தேதி அங்கே போகாதீர்கள்.

மகள்


மே 12

மகளுக்கு,

போனேன்.

பணத்துக்காகப் போகவில்லை. பையில் என் பென்ஷன் இருநூறு இருந்தது, உனக்கு அனுப்ப வேண்டியது. தபாலாபீஸுக்கு அந்த வழியாகப் போக வேண்டியதில்லை, ஆனாலும் போனேன். எட்டு இருபது. கார்டைப் போட்டேன். பூஜ்யம், ஆறு, மூன்று, நான்கு. மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. ஏதோ எழுத்து ஓடியது. கார்டு வெளியே வரவில்லை. உள்ளேயே வாங்கிக்கொண்டது.

லிஃப்டில் ஆள் இறங்கிய பிறகு கதவு மூடுவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கும். இறங்கியவரின் முதுகு மட்டும் தெரியும். உங்கம்மா அந்த நொடியில் திரும்பிப் பார்க்காமலே "வரேன்" என்பாள். ஒரு நாளும் போறேன் என்று சொன்னதில்லை. நான் மெஷினுக்கு முன்னால் அந்த நொடி நின்றேன்.

பின்னால் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா தாத்தா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா" என்று நகர்ந்தேன்.

இருநூறு அனுப்பியிருக்கிறேன். எட்டு தவணை பாக்கி. தையல்காரம்மாவுக்கு ஜிப் வாங்க இருபதும் கொடுத்துவிட்டேன், இல்லையென்றால் இந்தக் கடிதம் எழுத மாட்டேன் என்றார். (அக்கா எழுதுவது: அப்படிச் சொல்லவே இல்லை.)

பத்தாம் தேதி கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நேற்றும் வரவில்லை. வராது என்று தெரியும். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. கூரை ஒழுகுவதுகூடக் கேட்கிறது.

ஓர் உதவி செய். நீ மாதம் ஒரு தேதியில் ஒரு தொகை கட்டுவாய் அல்லவா, கட்டிய பிறகு எனக்கு ஒரு கடிதம் போடு. கடன் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் எழுதினால் போதும், மீதியை நான் கழித்துக்கொள்வேன். உறையின் மேல் என் பெயரை எழுது. அதற்குக் கீழே அவள் பெயரையும் எழுது. பொய்யில்லை, இரண்டு பேர் வீடுதானே.

உறை மட்டும் கொஞ்சம் தடித்த காகிதமாக இருக்கட்டும். கதவடியில் உரச வேண்டும்.

அப்பா